கட்டியின் ரத்தக்குழாய்கள்: 2 கிரேயில் ஒன்று, 20 கிரேயில் வேறொன்றா?

கேள்வி: கதிர்முகில்

மருத்துவ இயற்பியல் முதுகலை படிக்கிறேன். கதிர்வீச்சு உயிரியல் தாளில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற மாதிரி மூன்று விஷயங்கள் வருகின்றன. தினமும் 2 கிரே (கதிர் டோஸின் அலகு) வீதம் கொடுத்தால் சிகிச்சை நடக்கும்போதே கட்டிக்குள் ரத்த ஓட்டமும் ஆக்ஸிஜனும் மேம்படும் என்கிறது ஒரு பாடம். ஒரே தடவையில் 15–20 கிரே கொடுத்தால் ரத்தக்குழாய்கள் செத்து, கட்டி பட்டினியால் அழியும் என்கிறது ஒரு கட்டுரை. கதிர் முடிந்தபின் கட்டி புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொண்டு திரும்பி வரும் என்கிறது இன்னொன்று.

அ) எந்த டோஸில் எது நடக்கிறது, எவ்வளவு நேரத்தில்?
ஆ) குழாய் செத்தால் ஆக்ஸிஜன் குறையுமே, அடுத்த ஃப்ராக்ஷனுக்கு (கதிர்த் தவணைக்கு) அது கெடுதல் இல்லையா?
இ) எஸ்பிஆர்டி (சில பெரிய தவணைகளில் குறிவைத்துக் கொடுக்கும் கதிர்) திட்டம் போடும்போது இதை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா?

கூடவே ஓர் ஆய்வகச் சிக்கல். எலிக் கட்டிக்கு 10 கிரே கொடுத்து, ஒரு வாரம் கழித்து வெட்டிய ஸ்லைடுகளில் சிடி31 (குழாயின் உட்சுவர்ச் செல்லைக் காட்டும் குறி) சாயம் போட்டு எண்ணினால், கதிர் வாங்காத கட்டியைவிட அதிகக் குழாய்கள் வருகின்றன. குழாய் குறைய வேண்டாமா?


மறுமொழி 1: செல்வட்டம்

நீங்கள் படித்த மூன்றுமே உண்மைதான். டோஸும் நேரமும்தான் வேறு. அதைப் பிரித்துச் சொல்லாமல் "கதிர்வீச்சு கட்டியின் குழாய்களை என்ன செய்யும்" என்று பொதுவாகக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் கட்டியின் குழாய் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். இயல்பான தந்துகியில் (மிக மெல்லிய ரத்தக்குழாயில்) எண்டோதீலியல் செல்கள், அதாவது உட்சுவர்ச் செல்கள், வரிசையாக ஒட்டி நிற்கும். வெளியே அடிச்சவ்வு, அதன்மேல் குழாயைத் தாங்கும் பெரிசைட் செல்கள். கட்டியில் இந்த ஒழுங்கு கிடையாது. செல்களுக்கு நடுவே இடைவெளி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிசைட், கோணல்மாணலான பாதை, முட்டுச்சந்துகள். தமனிப் பக்கத்திலிருந்து சிரைப் பக்கத்துக்கு நேராகக் குறுக்குவழிகளும் உண்டு. வயலுக்குப் பாயாமல் வாய்க்காலிலிருந்து வாய்க்காலுக்கே தண்ணீர் வழிந்து போவது மாதிரி ரத்தம் திசுவைத் தொடாமலே திரும்பிவிடும். குழாய்கள் கசிவதால் வெளியே திரவ அழுத்தம் ஏறி, மெல்லிய குழாய்களை நசுக்கவும் செய்கிறது. இன்னொன்றும் முக்கியம். இயல்பான திசுவில் எண்டோதீலியல் செல்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இரண்டாகப் பிரியாமல் கிடக்கும். கட்டியிலோ நாள்கணக்கில் பிரிந்துகொண்டே இருக்கும். கதிர்வீச்சு பிரியும் செல்லைத்தான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் ஒரே டோஸில் கட்டிக் குழாய் முதலில் அடிபடுகிறது, பக்கத்து இயல்பான குழாய் மாதங்கள் கழித்துத்தான் தன் பாதிப்பைக் காட்டுகிறது.

ஆக்ஸிஜன் ஏன் இவ்வளவு முக்கியம்? கதிர் டிஎன்ஏவில் உண்டாக்கும் காயத்தை ஆக்ஸிஜன் நிலைப்படுத்திவிடுகிறது; பிறகு செல்லால் அதை எளிதில் சரிசெய்ய முடியாது. ஆக்ஸிஜன் சுத்தமாக இல்லாத செல்லைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு டோஸ் வேண்டும். எல்.எச். கிரே குழு 1953இல் வெளியிட்ட கட்டுரை இதைச் சிகிச்சையோடு இணைத்துக் காட்டியது. இந்த விளைவில் பாதி கிடைக்க 3 மி.மீ. பாதரச அளவு ஆக்ஸிஜன் அழுத்தமே போதும். 20–30ஐத் தாண்டினால் மேற்கொண்டு பெரிதாக ஆதாயம் இல்லை. 1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுத் திசுவை அளந்தபோது, ரத்தக்குழாய் உள்ள பகுதியிலிருந்து சுமார் 150–200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் செல்கள் செத்துக் கிடந்தன. அந்தச் செத்த பகுதியின் விளிம்பில், சாகாமல் மூச்சுத்திணறிக் கிடக்கும் செல்கள்தான் நமக்குத் தலைவலி. இது தூரத்தால் வரும் நாள்பட்ட ஹைப்பாக்ஸியா (ஆக்ஸிஜன் பற்றாக்குறை). குழாய் அவ்வப்போது மூடித் திறப்பதால் சில நிமிடங்கள் வந்து போகும் தற்காலிக ஹைப்பாக்ஸியா தனி.

இனி டோஸ் வாரியாக.

1.8–2 கிரே, தினமும்: குழாய் பெரிதாகச் சாவதில்லை. முதல் சில வாரங்களில் ரத்த ஓட்டம் அப்படியே இருக்கும், அல்லது கொஞ்சம் கூடும். காரணம் குழாயைவிடக் கட்டியிடம்தான் இருக்கிறது: குழாய்க்கு அருகில் உள்ள, ஆக்ஸிஜன் நிறைந்த செல்கள் முதலில் சாகின்றன; ஆக்ஸிஜன் குடிப்பது குறைகிறது; மிச்ச ஆக்ஸிஜன் இன்னும் தூரம் போகிறது; திசு சுருங்குவதால் தூரத்துச் செல்லும் குழாய்க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது; அழுத்தம் இறங்கி, நசுங்கியிருந்த குழாய்கள் திறக்கின்றன. இதைத்தான் மறுஆக்ஸிஜனேற்றம் என்கிறோம். ஆனால் சிகிச்சையின் கடைசி வாரங்களில் டோஸ் சேரச் சேர ஓட்டம் இறங்கலாம்.

5–10 கிரே, ஒரே தடவை: இடைப்பட்ட நிலை. ஓட்டம் குறையும், பல சமயம் சில நாள்களில் மீளும். கட்டிக்குக் கட்டி மாறும்.

10 கிரேக்கு மேல், ஒரே தடவை: விலங்குக் கட்டிகளில் குழாய்ச் சேதம் கடுமை. எண்டோதீலியல் செல்கள் உதிரும், கசிவு கூடும், பிளாஸ்மா வெளியேறி ரத்தம் உள்ளேயே கெட்டியாகும், வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சுவரில் ஒட்டும், அழுத்தம் குழாயை நசுக்கும். ரத்த ஓட்டம் முதல் ஓரிரு நாள்களிலேயே விழும். சாங்கும் சக ஆய்வாளர்களும் 2012இல் தொகுத்த மீளாய்வு இந்த 10 கிரே எல்லையைத்தான் வைக்கிறது.

"பட்டினி" வாதத்துக்கு மூலம் 2003இல் ஃபுக்ஸ், கோலெஸ்னிக் குழு வெளியிட்ட வேலை. சுமார் 8–10 கிரேக்கு மேல் போனால் எண்டோதீலியல் செல் சவ்வில் ஸ்பிங்கோமையலினேஸ் நொதி தூண்டப்பட்டு, செராமைடு உண்டாகி, முதல் சில மணி நேரத்திலேயே செல் தற்கொலை செய்துகொள்கிறது. இதற்கு டிஎன்ஏ உடையும்வரை, செல் பிரியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நொதி இல்லாத எலிகளில் வைத்த அதே கட்டி 15 கிரேயை எளிதாகத் தாங்கிக்கொண்டு வேகமாக வளர்ந்தது. எண்டோதீலியல் செல்லில் இந்த நொதி மற்ற செல்களைவிடப் பல மடங்கு அதிகம், அதனால்தான் குறி அங்கே விழுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

கடைசியாகத் திரும்பி வரும் குழாய்கள். இதில் இரண்டு கட்டங்கள். கதிருக்குப் பின் 24–48 மணி நேரத்தில் ஹிஃப்-1 என்ற புரதம் கட்டியில் ஏறுகிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் ஹிஃப்-1 ஏறும் என்பது தெரிந்ததே; இங்கே மறுஆக்ஸிஜனேற்றமும் அதோடு வரும் ஆக்ஸிஜன் தீவிர மூலக்கூறுகளும்கூட அதை ஏற்றுகின்றன என்று மோயெல்லர், டியூஹர்ஸ்ட் குழு 2004இல் காட்டியது. ஹிஃப்-1 ஏறினால் விஇஜிஎஃப் (குழாய் வளர்ச்சிக் காரணி) சுரக்கும், மிச்சமுள்ள எண்டோதீலியல் செல்லுக்கு அது கவசம். இது முதல் கட்டம். இரண்டாவது வாரக்கணக்கில் நடப்பது. பெரிய டோஸில் உள்ளூர்க் குழாய்கள் முளைக்கும் திறனை இழந்துவிட்டால், ஹிஃப்-1 வழியாகச் சுரக்கும் எஸ்டிஎஃப்-1 என்ற சமிக்ஞைப் புரதம் எலும்பு மஜ்ஜையிலிருந்து வெள்ளணு வகைச் செல்களை இழுக்கிறது. அவற்றின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அந்த அழைப்பைப் பிடிக்கிறது. அவை வந்து குழாய் கட்ட உதவுகின்றன. மூளைக்கட்டி வைத்த எலிகளில் இந்த ஏற்பியைப் பிளெரிக்ஸாஃபோர் மருந்தால் அடைத்தால் கட்டி திரும்புவது தடைபட்டது. 2010இல் பிரௌன் குழுவின் வேலை. மனிதர்களில் சிறு பரிசோதனை அளவில் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

உங்கள் ஸ்லைடுக்குத் தனியாக எழுதுகிறேன், அது வேறு வகைச் சிக்கல்.


மறுமொழி 2: ஆல்பாபீட்டா

செல்வட்டம் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் (இ)க்கு என் பதில் ஒரே சொல்: இல்லை. எந்தத் திட்ட மென்பொருளிலும் "குழாய் செத்ததால் கூடுதல் பலன்" என்று ஓர் எண் கிடையாது. இருக்கவும் கூடாது என்பேன்.

கணக்கைப் பார்ப்போம். உயிரியல் பலன் டோஸ், அதாவது பிஇடி: மொத்த டோஸை, ஒன்றோடு ஃப்ராக்ஷன் டோஸை ஆல்பா/பீட்டாவால் வகுத்துக் கூட்டி வருவதால் பெருக்க வேண்டும். கட்டிக்கு ஆல்பா/பீட்டா (தவணை அளவு மாறினால் திசுவின் பாதிப்பு எவ்வளவு மாறும் என்பதைக் காட்டும் எண்) 10 என்று வையுங்கள்.

2 கிரே, 30 தடவை: 60 × (1 + 2/10) = 72
10 கிரே, 5 தடவை: 50 × (1 + 10/10) = 100
18 கிரே, 3 தடவை: 54 × (1 + 18/10) = 151.2
34 கிரே, ஒரே தடவை: 34 × (1 + 34/10) = 149.6

நுரையீரல் சிறு கட்டியில் பழைய முறையைவிட எஸ்பிஆர்டி ஏன் இவ்வளவு நன்றாகக் கட்டுப்படுத்துகிறது என்றால், பிஇடி இரட்டிப்பாகிவிட்டது. வேறு மாயம் தேவையில்லை. 2013இலும் 2014இலும் பிரௌன், கார்ல்சன், பிரென்னர் முதலியோர் எழுதியதும் இதையே: வெவ்வேறு முறைகளின் கட்டுப்பாட்டு விகிதங்களைப் பிஇடிக்கு எதிராகப் போட்டால் ஒரே வளைகோட்டில் விழுகின்றன, பெரிய ஃப்ராக்ஷன் புள்ளிகள் தனியாக மேலே எழவில்லை.

எலி ஆதாரத்துக்கும் எதிர் ஆதாரம் உண்டு. கிர்ஷ் குழு 2015இல், எலியின் உடலிலேயே மரபணு மாற்றி உருவாக்கிய சார்கோமாவில் (மென்திசுப் புற்றில்) வேலை செய்தது. எண்டோதீலியல் செல்லில் மட்டும், டிஎன்ஏ காயத்தைச் சரிசெய்ய உதவும் ஏடிஎம் மரபணுவை நீக்கினார்கள். அந்தச் செல்கள் கதிரில் அதிகம் செத்தன. ஆனால் கட்டி முற்றாக அழிவது கூடவில்லை. அதே மரபணுவைக் கட்டிச் செல்லில் நீக்கியபோது அழிவது கூடியது. ஆக, குழாய் சாவது நடக்கிறது. குணமாவதற்குக் காரணம் அதுதானா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் இந்த விவாதத்தின் பாதிச் சத்தம். 2003 ஆய்விலும் நொதி இல்லாத எலிக்கு நோயெதிர்ப்புச் செல்களிலும் அந்த நொதி இல்லை என்பதை மறக்கக் கூடாது. அதோடு, தோலடியில் ஊசியால் போட்டுச் சில வாரத்தில் வளர்த்த எலிக் கட்டியின் குழாய்கள் எல்லாம் இளசு. வருடக்கணக்கில் வளர்ந்த மனிதக் கட்டியில் முதிர்ந்த குழாய்களும் கலந்திருக்கும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தடவை 20 கிரே கொடுத்தால், ஆக்ஸிஜன் இல்லாத செல்லுக்கு அது 20/2.8, அதாவது சுமார் 7 கிரே மாதிரிதான். கட்டியில் அப்படிப்பட்ட செல்கள் சில சதவீதம் இருந்தாலே கணக்குப்படி நிறையப் பிழைக்க வேண்டும். ஆனாலும் ஒரே தடவை 20–24 கிரேயில் மூளை, முதுகெலும்பு பரவல் கட்டிகள் நன்றாகவே கட்டுப்படுகின்றன. செல்வட்டம் குறிப்பிட்ட முகாம் இந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொள்கிறது: "அந்தச் செல்களை யார் கொன்றது? ரத்தம் நின்றதால்தான் செத்தன" என்று. நோயெதிர்ப்பைக் காட்டுகிறவர்களும் உண்டு. இந்தக் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது.

(ஆ)வுக்கு வருவோம், நடைமுறையில் இதற்குத்தான் மதிப்பு. ஆமாம், கெடுதல். 12–18 கிரே கொடுத்த மறுநாள் கட்டியின் ரத்த ஓட்டம் அடிமட்டத்தில் இருந்தால், அன்றைக்குக் கொடுக்கும் இரண்டாவது ஃப்ராக்ஷன் ஆக்ஸிஜன் குறைந்த இலக்கில் விழும். நுரையீரல் எஸ்பிஆர்டியின் முன்னோடிப் பரிசோதனையான ஆர்டிஓஜி 0236இல் மூன்று ஃப்ராக்ஷன்களுக்கு நடுவே குறைந்தது 40 மணி நேரம் என்று விதித்திருந்தார்கள். பல இடங்களில் இன்றும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இயல்பான திசு ஆற நேரம் வேண்டும் என்பதும் ஒரு காரணம், மறுஆக்ஸிஜனேற்றத்துக்கு இடம் கொடுப்பது இன்னொன்று. அட்டவணை இடிக்கிறது என்று அடுத்தடுத்த நாள் போடச் சொன்னால், ஃப்ராக்ஷன் டோஸ் 10 கிரேயைத் தாண்டும் முறைகளில் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அதேபோல, முழுக் கட்டிக்கும் ஒரே ஒரு தடவை கொடுப்பதில் மறுஆக்ஸிஜனேற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 3–5 ஆகப் பிரித்தால் அந்தப் பலனில் ஒரு பங்காவது மிஞ்சும். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.


மறுமொழி 3: செல்வட்டம்

இப்போது ஸ்லைடு. சிடி31 எண்ணிக்கை கூடுவது குழாய் பெருகியதால் அல்ல, பெரும்பாலும் வகுக்கும் பரப்பு குறைந்ததால். நீங்கள் எண்ணுவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று. 10 கிரேக்குப் பின் ஒரு வாரத்தில் கட்டிச் செல்கள் செத்து வெளியேறித் திசு சுருங்கிவிட்டது. அதே குழாய்கள் நெருங்கி நிற்கின்றன. அதனால் எண்ணிக்கையோடு கட்டியின் மொத்தக் கன அளவையும் பெருக்கிப் பாருங்கள். அப்போது எண் கீழே வரும் என்று நினைக்கிறேன். செத்த பகுதிகளை எண்ணும் பரப்பிலிருந்து கழித்தீர்களா, சேர்த்தீர்களா என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு குழுவில் கழித்து மறு குழுவில் சேர்த்தால் என்ன வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

அடுத்தது, சிடி31 எண்டோதீலியல் செல் அங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ரத்தம் ஓடுகிறதா என்று சொல்லாது. கதிருக்குப் பின் ஓடாமல் நிற்கும் குழாய்கள் நிறைய. அதனால் எலியைக் கொல்வதற்குச் சுமார் 1 நிமிடம் முன் வால் சிரையில் ஹோக்ஸ்ட் 33342 சாயத்தை ஊசியால் போட வேண்டும். கிலோவுக்கு 15 மி.கி. வழக்கம். ஓட்டம் உள்ள குழாயைச் சுற்றி நீல வட்டம் தெரியும். நேரத்தை நீட்டினால் சாயம் பரவி எல்லாமே நீலமாகிவிடும், அப்புறம் பயனில்லை. இந்தச் சாயம் கரைவதால் உறைந்த வெட்டுகளில்தான் பார்க்க வேண்டும். மெழுகில் பதித்தால் போய்விடும். மெழுகுதான் உங்களுக்கு வழி என்றால் பசை போல ஒட்டும் தக்காளி லெக்டினுக்குப் போங்கள். சிடி31 உள்ள குழாய்களில் எத்தனைக்கு இந்தச் சாயம் சேர்ந்திருக்கிறது என்ற விகிதம்தான் உங்களுக்கு வேண்டிய எண்.

ஆக்ஸிஜன் குறைவைப் பார்க்கப் பிமோனிடசோல் என்ற குறிப்பொருள். கிலோவுக்கு 60 மி.கி., சுமார் 1 மணி நேரம் முன்னால். ஆக்ஸிஜன் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே உள்ள செல்களில் ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு பொறி: உயிருள்ள செல்தான் இந்தச் சாயத்தைப் பிணைக்கும். கதிரில் செத்த பகுதியில் அது ஒட்டாது, "ஹைப்பாக்ஸியா குறைந்தது" என்று ஸ்லைடு பொய் சொல்லும். பக்கத்து வெட்டில் எச்அண்ட்இ (வழக்கமான திசுச் சாயம்) போட்டுச் செத்த பகுதியைக் கோடு கிழித்து ஒதுக்கிவிட்டு எண்ணுங்கள்.

நேரமிருந்தால் கொலாஜன் 4 (அடிச்சவ்வுப் புரதம்) சாயமும் சேருங்கள். எண்டோதீலியல் செல் உதிர்ந்த பிறகும் அடிச்சவ்வு வெறும் உறையாகக் கொஞ்ச நாள் நிற்கும். கொலாஜன் 4 இருக்கிறது, சிடி31 இல்லை என்றால் அது செத்த குழாயின் உறை. பின்னாளில் புதுக் குழாய் இந்த உறைக்குள்தான் ஊர்ந்து வளரும், அதனால் அந்த எண்ணே ஒரு தகவல். பெரிசைட்டைக் காட்ட என்ஜி2 அல்லது ஆல்பா எஸ்எம்ஏ சாயம். பெரிசைட் சூழ்ந்த குழாய் விகிதம் கதிருக்குப் பின் கூடினால், பெரிசைட் பெருகியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிசைட் இல்லாத இளம் குழாய்கள் செத்து, இருப்பவை மிஞ்சியிருக்கலாம்.

"அடர்த்தி அதிகமான மூன்று இடத்தை எண்ணு" என்ற பழைய முறையைக் கதிர் வாங்கிய கட்டியில் பயன்படுத்த வேண்டாம். அழிவு திட்டுத்திட்டாக இருக்கும். நல்ல திட்டை மட்டும் எண்ணினால் கதிர் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். முழு வெட்டையும் ஸ்கேன் செய்யுங்கள்.


கேள்வி தொடர்ச்சி: கதிர்முகில்

இருவருக்கும் நன்றி. ஸ்லைடில் கன அளவைப் பெருக்கவே இல்லை, பார்க்கிறேன்.

இரண்டு துணைக் கேள்விகள். விஇஜிஎஃப் குழாய்க்குக் கவசம் என்றால், அதை அடைக்கும் பெவசிசுமேப்பைக் கதிரோடு எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதானே? சிகிச்சை முடிந்தபின் எம்ஆர்ஐயில் காண்ட்ராஸ்ட் (ஊசியால் போடும் படச்சாயம்) ஏறும் பகுதி பெரிதாகிறதே, அது குழாய் செத்ததா, கட்டி வளர்ந்ததா?


மறுமொழி 4: வார்டுமருத்துவர்

முதல் கேள்விக்கு. தத்துவம் அழகானது. விஇஜிஎஃப்பை அடைத்தால் கட்டிக் குழாய்கள் முதலில் அழிவதில்லை, ஒழுங்காகின்றன: கசிவு நிற்கிறது, பெரிசைட் சேர்கிறது, அழுத்தம் இறங்குகிறது, சில நாள்களுக்கு ஆக்ஸிஜன் கூடுகிறது. ராகேஷ் ஜெயின் 2001இல் முன்வைத்த "இயல்பாக்கம்" இது. அந்தச் சில நாள் ஜன்னலில் கதிர் கொடுத்தால் லாபம். ஜன்னல் மூடிய பிறகும் மருந்து தொடர்ந்தால் குழாய் குறைந்து ஆக்ஸிஜன் மறுபடி விழும். கஷ்டம் என்னவென்றால், அந்த ஜன்னல் யாருக்கு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று படுக்கையருகே அளக்க எளிய வழி இல்லை. பெவசிசுமேப்பின் அரை ஆயுள் சுமார் 20 நாள். கொடுத்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பலன் என்னவென்று பெரிய அளவில் பார்த்தாகிவிட்டது. புதிதாகக் கண்டறிந்த கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியில் கதிர், டெமோசோலமைடு கீமோவோடு பெவசிசுமேப் சேர்த்த இரண்டு பெரிய பரிசோதனைகள், ஏவாகிளியோவும் ஆர்டிஓஜி 0825ம், 2014இல் வெளியாயின. நோய் முன்னேறாமல் இருக்கும் காலம் நீண்டது. மொத்த ஆயுள் நீளவில்லை.

கெடுதலும் உண்டு. நுரையீரல் புற்றில் மார்புக்குக் கதிரும் கீமோவும் கொடுக்கும்போது பெவசிசுமேப் சேர்த்ததில் மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே துளை விழுந்ததால் அந்த வழியே கைவிடப்பட்டது. வயிற்றுப் பகுதி எஸ்பிஆர்டிக்கு முன்னும் பின்னும் இந்த வகை மருந்து எடுத்தவர்களில் குடல் புண், துளை விழுவது பற்றிய எச்சரிக்கைகள் உண்டு. காரணம் எளிது: கதிர் வாங்கிய குடல் சுவரின் தந்துகிகள் புதுக் குழாய் முளைத்துத்தான் ஆற வேண்டும், அந்த முளையையே மருந்து கிள்ளிவிடுகிறது. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் 28 நாளாவது, காயம் முழுக்க ஆறும்வரை இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது என்ற விதிக்கும் இதே காரணம். எஸ்பிஆர்டிக்கு வரும் நோயாளியின் மருந்துச் சீட்டில் பெவசிசுமேப் மட்டுமல்ல, சுனிடினிப், சோராஃபெனிப், லென்வாடினிப் மாதிரி அதே வழியை அடைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றனவா என்று திட்டம் போடும் முன்பே பாருங்கள். இயற்பியலாளர் கேட்டாலும் தப்பில்லை.

இரண்டாவது கேள்வி. காண்ட்ராஸ்ட் ஏறுவது என்றால் குழாய் கசிகிறது, அவ்வளவுதான். கட்டி இருக்கிறது என்று பொருள் இல்லை. கிளியோமா வகை மூளைக்கட்டியில் கதிர் முடிந்த முதல் 12 வாரத்தில் காண்ட்ராஸ்ட் பகுதி பெரிதாவது பலருக்கு வெறும் பொய் முன்னேற்றம் (நோய் வளர்ந்த மாதிரித் தோற்றம்). 2010இல் வந்த ரானோ அளவுகோல் (மூளைக்கட்டி சிகிச்சைப் பலனை மதிப்பிடும் விதி) இதனால்தான் ஒரு வேலி போட்டது: முதல் 12 வாரத்துக்குள், 80 சதவீத ஐசோடோஸ் கோட்டுக்கு (80 சதவீத டோஸ் விழும் எல்லைக்கு) வெளியே புதிதாக ஏறினாலோ திசுப் பரிசோதனையில் கட்டி உறுதியானாலோ மட்டுமே நோய் முன்னேற்றம் என்று எழுது. ஆகவே ரேடியாலஜிஸ்ட் கேட்டால் அந்த 80 சதவீதக் கோட்டை எம்ஆர்ஐ மேல் பொருத்திக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ இன்னும் கொஞ்சம் உதவும். கட்டி திரும்பியிருந்தால் ரத்தக் கன அளவு கூடி நிற்கும், கதிர் நெக்ரோசிஸ் (கதிரால் திசு செத்தது) என்றால் குறைந்திருக்கும். ஆனால் கசியும் குழாயிலிருந்து காண்ட்ராஸ்ட் வெளியே வழிந்தால் ரத்தக் கன அளவு பொய்யாகக் குறைந்து தெரியும், கட்டியை நெக்ரோசிஸ் என்று சொல்லிவிடுவோம். அதற்காகத்தான் முன்கூட்டியே கொஞ்சம் காண்ட்ராஸ்ட் கொடுத்துத் திசுவை நிரப்பிவிட்டு, பிறகு அளவிட்டு, மென்பொருளில் கசிவுத் திருத்தமும் போடுகிறார்கள். அறிக்கையில் திருத்தம் போட்டதா என்று எழுதாமல் வெறும் எண் வந்தால் நம்பாதீர்கள். பெவசிசுமேப் கொடுத்த நோயாளியில் இது தலைகீழ்: ஓரிரு நாளிலேயே காண்ட்ராஸ்ட் மங்கிவிடும். கசிவு அடைபட்டதே தவிரக் கட்டி சாகவில்லை.

அதே மருந்து சரியான இடத்தில் நன்றாக வேலை செய்வது மூளைக் கதிர் நெக்ரோசிஸில். அங்கே கதிர் வாங்கிய குழாய்கள் கசிந்து, வீக்கம் ஏறி, அந்த வீக்கமே ஆக்ஸிஜனைக் குறைத்து மேலும் விஇஜிஎஃப்பை வரவழைக்கும் சுழல். 2011இல் லெவின் குழு 14 பேரிடம், யாருக்கு எது என்பதை இரு தரப்புக்கும் மறைத்து நடத்திய பரிசோதனையில் கிலோவுக்கு 7.5 மி.கி., 3 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்ததில் வீக்கம் இறங்கியது. போலி மருந்து பெற்றவர்களுக்கு இறங்கவில்லை.

இது எல்லாம் தந்துகிகள். பெரிய குழாய்களை யாரும் குறிப்பிடவில்லை, உயிருக்கு ஆபத்து அங்கேதான். பெரிய குழாயின் சுவர் கதிருக்குச் சில நாளில் எதுவும் காட்டாது. மாதங்கள், வருடங்கள் கழித்து உட்சுவர் தடிக்கும், சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள் அடைபடும், சுவர் நலியும். மூளையின் தமனி-சிரை பிறழ்வுக்கு 16–25 கிரே ஒரே தடவையில் கொடுத்து, குழாய் அடைபட 2–3 வருடம் காத்திருப்பது இந்த மெதுவான தடிப்பைத்தான் நம்பி. அங்கே நமக்கு வேண்டியதே அது. மார்பின் நடுவில் அதே விஷயம் விபரீதம். முதன்மை மூச்சுக்குழாய்க்கு அருகே உள்ள கட்டிகளுக்கு 7 கிரே வீதம் 8 தடவை கொடுத்த ஹைலஸ் ஆய்வில் (2021) 65 பேரில் 10 பேரின் மரணம் சிகிச்சையால் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது, அதில் 8 பேருக்கு ரத்தக்கசிவு. சராசரி டோஸ் அங்கே சொல்லவில்லை. சுவரில் விழுந்த அதிகபட்ச டோஸ் சொல்லும். நுரையீரல் தமனி, மூச்சுக்குழாய், பெருந்தமனி மூன்றையும் தனித்தனியாக வரைந்து, இலக்குக்குள் உள்ள சூட்டுப் புள்ளி (டோஸ் மிகும் இடம்) அவற்றின் மேல் விழாமல் தள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவரா என்பதையும் கேளுங்கள்.


மறுமொழி 5: ஆல்பாபீட்டா

வார்டுமருத்துவர் சொன்ன சூட்டுப் புள்ளி பற்றி ஒரு வரி. எஸ்பிஆர்டியில் 60–80 சதவீதக் கோட்டுக்கு டோஸைக் குறிக்கிறோம். 50 கிரே 70 சதவீதக் கோட்டில் என்றால் நடுவில் 71 கிரே. ஓரமாக உள்ள கட்டியில் அது லாபம், நடுமார்பில் அதே குறிப்பு ஆபத்து. அங்கே கோட்டை 90க்கு மேல் ஏற்றி, ஃப்ராக்ஷனைக் கூட்டுங்கள்.

இன்னொன்று, பெரிய மருந்து எதுவும் இல்லாமலே ஆக்ஸிஜனைக் கெடுக்கும் இரண்டு விஷயம். சிகிச்சைக் காலத்தில் புகைபிடித்தால் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், குழாய் திறந்திருந்தாலும் சரக்கு வராது. ரத்தசோகையும் அப்படித்தான். ஆனால் எரித்ரோபாய்டின் ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2003இல் ஹென்கே குழு தலை-கழுத்துப் புற்றில் நடத்திய பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறியது, கட்டிக் கட்டுப்பாடு மோசமானது.


மறுமொழி 6: கதிர்முகில்

கன அளவைப் பெருக்கிப் பார்த்தேன். கதிர் வாங்கிய கட்டியில் மொத்தக் குழாய் கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் குறைவாகத்தான் வருகிறது. அடுத்த தொகுதிக்கு ஹோக்ஸ்ட், பிமோனிடசோல் இரண்டையும் கேட்டிருக்கிறேன். 24 மணி, 72 மணி, 7 நாள் என்று மூன்று நேரம் வைத்தால் போதுமா?


மறுமொழி 7: செல்வட்டம்

6 மணியும் சேருங்கள். செராமைடு வழிச் சாவு உங்கள் கட்டியில் நடக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். 24 மணிக்குள் செத்த செல் உதிர்ந்து போயிருக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் சிடி31ஓடு டனல் (சாகும் செல்லைக் காட்டும்) சாயமும் சேர்த்துப் போடுங்கள். எலும்பு மஜ்ஜைச் செல்கள் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் 14 நாளும் வேண்டும். மயக்க மருந்தை எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவில், ஒரே நேரம் கொடுங்கள், எலியின் உடல் வெப்பத்தைக் காத்துவையுங்கள். உடல் குளிர்ந்தாலே கட்டியின் ஓட்டம் விழும், அதைக் கதிரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.